நாயைத் தொட்டுப் பார்க்கும் கால் மணி நேரம்

நாய் வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க விடுமா? கால் விரல் இடுக்கில் கை வைக்க விடுமா?" என்பதுதான். "ஐயோ, அதெல்லாம் விடாது, சோறு வைத்தால் வாலாட்டும், அவ்வளவுதான்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால், அது நமக்குத் தெரியவருவதற்குள் நோய் முற்றிவிட்டிருக்கும். நாய் வலியை வெளிக்காட்டாத பிராணி. சோற்றைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் நாம் பதறுகிறோம். மருத்துவமனை மேசையில் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போடுகிறார்கள். அன்று முதல் மனிதக் கையைக் கண்டாலே அது மிரளுகிறது.

தினமும் கால் மணி நேரம், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலை வராது. நோயும் முன்பே தெரியும், நாயும் நம்மை நம்பும். அதை எப்படிப் பழக்குவது, எங்கே என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். கடையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். இரண்டு நாய்கள். கருப்பன் தெருவில் பிறந்து, குட்டியாக இருக்கும்போது மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவன். மல்லி ராஜபாளையம் சாதிப் பெண். தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பிறவியிலேயே காது கேட்காது. இந்த இரண்டு பேருக்கும் தேவைகள் வேறு வேறு. ஆனால் இரவு கடையை அடைத்ததும், சாப்பாட்டுக்கு முன், மடித்த பெட்ஷீட்டை நான் தரையில் விரித்தால் இருவரும் வந்து நிற்பார்கள்.

பழக்கும் விதம்

எடுத்த எடுப்பில் வாயைப் பிளக்கக் கூடாது. ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடு என்றால் பனீரோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ போதும்.

முதலில் தொடுங்கள், பிறகு துணுக்கைக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தின்னக் கொடுத்துவிட்டுத் தொட்டால், "தின்ன ஏதோ வருகிறது, அடுத்து என்னவோ செய்யப் போகிறார்கள்" என்று நாய் கற்றுக்கொள்ளும். பிறகு கறியைக் கண்டாலே நழுவும். தொடுகை முந்தினால், கை மேலே படுவதே நல்ல சேதியாக ஆகிவிடுகிறது.

ஆரம்பத்தில் தோள்பட்டையும் நெஞ்சும் மட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் இருந்து தொடுங்கள். அது தளர்ந்து நிற்கும்போது முதுகு, வயிறு, காது என்று மெல்ல நகருங்கள். பாதமும் வாயும் கடைசி. ஓர் இடத்தைத் தொட்டதும் உடம்பை இழுத்துக்கொண்டால் பின்தொடராதீர்கள், விட்டுவிடுங்கள். நாளைக்கும் இரவு வரும். குட்டி சில வாரங்களில் பழகிவிடும். அடிபட்டு வளர்ந்த நாய்க்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

நாய் "போதும்" என்பதைப் பல விதமாகச் சொல்லும். பசி இல்லாத நேரத்தில் உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், உடம்பு விறைக்கும். இதையெல்லாம் நாம் கவனிக்காமல் போனால்தான் உறுமும். உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். கையை எடுத்துவிட்டு, எது பிடிக்கவில்லை என்று யோசியுங்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் சம்பவங்களில் பலவற்றில், நாய் முன்பே பல தடவை சொல்லியிருக்கும். நேற்றுவரை தொடவிட்ட இடத்தை இன்று தொடவிடாமல் உறுமினால் அங்கே வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாயிலிருந்து வால் வரை

மேல் உதட்டை ஒரு விரலால் தூக்கினால் ஈறு தெரியும். நல்ல உடம்புள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுங்கள். அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். மஞ்சள் என்றால் காமாலை. நீலம் என்றால் மூச்சுக்குத் திணறுகிறது. செங்கல் நிறத்தில் கடுஞ்சிவப்பாக இருந்தால், அதுவும் வெயில் காலத்தில், உடல் சூடு ஏறிவிட்டது. இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

கருப்பனைப் போன்ற நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நிறம் ஏமாற்றாது.

காதை மடித்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தாலோ, காப்பிப் பொடி நிறத்தில் அழுக்கு இருந்தாலோ, தலையை அடிக்கடி உதறினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

அடுத்து கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வயிறு, தொடை இடுக்கு. இங்கே கண்ணைவிடக் கை நன்றாகப் பார்க்கும். துணியை விரலால் தடவும்போதே இழையில் ஒரு முடிச்சு தட்டுப்படுவதுபோல, ரோமத்துக்குள் இருக்கும் கட்டியும் கொப்புளமும் பழகிய கைக்குத் தட்டுப்பட்டுவிடும். எங்கே கட்டி, எவ்வளவு பெரியது, என்றைக்குக் கண்டது என்று குறித்து வையுங்கள். பெண் நாய்க்குப் பால்காம்பு வரிசை நெடுகிலும் தடவிப் பார்ப்பது முக்கியம், அங்கே கட்டி வருவது சகஜம். ஒரு எச்சரிக்கை: ஆண் நாய்க்கும் காம்பு உண்டு. உண்ணி என்று நினைத்து அதைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் எடை கூடிவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பிலேயே ஒல்லி. அவற்றைத் தெருவில் போகிறவர் பேச்சைக் கேட்டுக் கொழுக்கவைக்க வேண்டாம்.

பாதத்தில் விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே தனியாக ஒரு நகம் இருக்கும். அது தரையில் தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்தும். கடைசியாக வாலைத் தூக்கிப் பாருங்கள். அரிசி மணி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெருவோடு உறவாடும் நாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தால், தொற்றிப் பரவும் ஒருவகைக் கட்டியாக இருக்கலாம். வாராவாரம் போடும் ஊசியால் அது பெரும்பாலும் முழுக்கக் குணமாகிறது. இதைத் தெரியாமல், கெட்ட வியாதி என்று நாயைத் துரத்திவிடுகிறார்கள், வேதனையாக இருக்கிறது.

உண்ணி

நம் ஊர் நாய்களுக்கு இதைப்போல ஒரு பகை இல்லை. உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, இரத்தத்துக்குள் கிருமியையும் விட்டுவிட்டுப் போகிறது. எர்லிக்கியா, பபேசியா என்பவை அவற்றில் முக்கியமானவை. முதலாவது இரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களைக் குறைக்கும், இரண்டாவது சிவப்பணுக்களை உடைக்கும்.

கருப்பனுக்கு இது வந்தபோது சோற்றை மறுக்கவில்லை. தின்றான், வாலாட்டினான், வாசலுக்கு வந்து குரைத்தான். இரவில் கீழ் இமையை இறக்கிப் பார்த்தபோது உள்பக்கம் வெளுத்த ரோஜா நிறத்தில் இருந்தது. முந்தின வாரம் அப்படி இல்லை. தெர்மாமீட்டர் வைத்ததில் 104 டிகிரி. மறுநாள் காலை இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. "மூக்கில் இரத்தம் வடிய ஆரம்பிக்கும் முன்பே கொண்டுவந்துவிட்டீர்களே அம்மா" என்றார் டாக்டர். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நான்கு வாரம். இரண்டாவது வாரமே பழைய துள்ளல் வந்துவிட்டது. அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நாய் தேறியதுபோலத் தெரிந்தாலும் கிருமி உள்ளே தங்கிவிடும், பிறகு எலும்பு மஜ்ஜையையே தாக்கும். டாக்டர் சொன்ன கடைசி மாத்திரை வரை கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள்.

காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், டிக்காஷன் நிறத்தில் மூத்திரம். இவற்றில் ஒன்று இருந்தாலும் "உண்ணிக் காய்ச்சலுக்குப் பார்க்க வேண்டும்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

உண்ணியைப் பிடுங்குவதற்கு ஒரு முறை உண்டு. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் நாயின் தோலைத்தான் கெடுக்கும்.

நாயை மட்டும் சுத்தம் செய்தால் உண்ணி ஒழியாது. குஞ்சு, இளசு, முழு உண்ணி என்று ஒவ்வொரு பருவத்திலும் அது நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறது. சுவர் வெடிப்பு, கதவு நிலையின் சந்து, படுக்கைச் சாக்கின் மடிப்பு, இவைதான் அதன் வீடு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் வெடிப்புகளைச் சிமெண்டு வைத்துப் பூசுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. நாயின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

காது கேளாத மல்லி

உள்காது வேலை செய்ய, நிறம் தரும் அணுக்கள் அங்கே இருக்க வேண்டும். வெள்ளை ரோமத்துக்குக் காரணமான மரபு சில குட்டிகளுக்கு அந்த அணுக்களையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பிறந்த சில வாரங்களில் செவி போய்விடுகிறது. ராஜபாளையத்தில் இது அடிக்கடி காணும் குறை. குட்டி வாங்கப் போனால் அது தூங்கும்போது, அதன் பார்வைக்கு எட்டாத இடத்திலிருந்து சாவிக் கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கைதட்டினால் காற்று படும், தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும். அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. காது கேளாத நாய் முட்டாளும் அல்ல, முரடும் அல்ல. ஆனால் அதைக் குட்டி போட விடக் கூடாது.

மல்லியிடம் நான் கையால்தான் பேசுகிறேன். பெருவிரலை உயர்த்தினால் "சபாஷ்". உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் உட்கார வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஓடி வரவேண்டும். இருட்டிய பிறகு முற்றத்தில் டார்ச்சை இரண்டு முறை மினுக்கினால் வீட்டுக்குள் வருவாள். ஒவ்வொரு சைகைக்கும் ஒரே பொருள், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

அவளைத் தூக்கத்தில் எழுப்பும் முறையை மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். மூக்குக்கு அருகே கையை நீட்டி வாசனை பிடிக்க விடுங்கள். பிறகு தோளில் லேசாக விரல் வையுங்கள். கண் திறந்ததும் ஒரு துணுக்கு. குட்டியிலிருந்தே இப்படிப் பழகியதால், இன்று யாராவது தெரியாமல் தொட்டுவிட்டாலும் திடுக்கிட்டுக் கடிக்காமல் கறித் துணுக்கைத்தான் தேடுகிறாள். தெருவுக்குப் போனால் கயிறு கட்டாயம்; பின்னால் வரும் பைக் அவளுக்குக் கேட்காது. கழுத்துப் பட்டையில் "காது கேட்காது" என்ற வார்த்தையையும் போன் எண்ணையும் தைத்திருக்கிறேன். வெள்ளை நாய்க்கு மூக்கும் காது ஓரமும் வெயிலில் வெந்துபோகும் என்பதால் நடை அதிகாலையில்தான்.

குழந்தைகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் தொடாதே, கழுத்தைக் கட்டிப் பிடிக்காதே.

வெயிலும் வெடியும்

அக்கினி நட்சத்திரத்தில் நாய் நிற்காமல் இரைக்க, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக் காற்றுப் படச் செய்யுங்கள். அதன் பிறகு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் பயணம்.

தீபாவளிக்குக் கருப்பன் நடுங்குவான். அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும், எங்கள் தெருவில் முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். விடியுமுன் வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து, உள்ளறையில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் ரேடியோவையும் ஓடவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பித்தான் தைப்பேன். "ஆறுதல் சொன்னால் பயம் அதிகமாகும்" என்பது தவறான நம்பிக்கை. சாய்ந்து உட்கார வந்தால் இடம் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் வெளியே இழுக்காதீர்கள். மிகவும் பயப்படும் நாய்க்கு டாக்டரிடம் மாத்திரை உண்டு. சில நாட்களுக்கு முன்பே போய்க் கேளுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியும் அடுப்படியும்

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், நமக்கு எழுதிக் கொடுத்த எந்த வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார்ச் சோறு தினப்படி உணவாக ஆகாது. பாயசத்துக் கிஸ்மிஸும் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், பிரியாணி எலும்பு மூன்றும் வேண்டாம். புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அது விஷம். ஈ மொய்க்காமல் சுத்தத் துணியால் லேசாக மூடி, மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அதன் பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து. பார்வோ நோய்க்கு எதிராக நம்மிடம் இருக்கும் ஒரே கவசம் இதுதான். பாதியில் விட்ட குட்டிகள் இரத்த பேதியாகிச் சாகின்றன. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். குட்டிப் பருவம் கடந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. கருத்தடை செய்த தேதி, எடை, கொடுத்த மாத்திரை, தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பதையும் எழுதுங்கள். முப்பதுக்கு மேல் போனால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி, மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள்.

ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும் பல் பட்டு இரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம்.

வாய்க்கூடு ஒன்று வாங்கிப் பழக்கி வையுங்கள், சாதுவான நாய்க்கும்தான். உள்ளே கறித் துணுக்கைப் போட்டு, நாயாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். கால் ஒடிந்து வலியில் துடிக்கும் நாள் வந்தால், பழகிய வாய்க்கூட்டை அது மறுக்காமல் போட்டுக்கொள்ளும். டாக்டரும் நிதானமாக வேலை செய்ய முடியும்.